செலவு குறைந்த ரசம்

பொங்கோல், சிங்கப்பூர்
5 ஜனவரி 2025

அன்புள்ள சித்திக்கு,

நிவேதிதா எழுதுகிறேன். அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். பத்து நாளாக விடாத மழை. அப்பா சாங்கி சரக்கு முனையத்திலிருந்து தினமும் நனைந்த காலுறையோடு வருகிறார். உங்கள் கழுத்து வலி குறைந்ததா?

வேலை முடிந்தபின் திரையில் வரும் எதையும் படிக்க மாட்டேன், பேச வேண்டுமென்றால் காகிதத்தில் எழுது என்று போன தீபாவளிக்குச் சொன்னீர்கள். இதோ, முதல் கடிதம்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். உயர்நிலை மாணவர்களுக்கு 'ஏற்றமா இறக்கமா' என்று ஒரு தமிழ்ப் பேச்சுப் போட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் பங்கு விலை ஆகஸ்டு மாதம் என்னவாக இருக்கும் என்று கணித்து, ஏப்ரல் 12-க்குள் உறையிலிட்டுக் கொடுக்க வேண்டும். ஆகஸ்டு 2 அன்று மேடையில் உறையைப் பிரிப்பார்கள். கணிப்பு ஏன் பலித்தது, ஏன் பலிக்கவில்லை என்று எட்டு நிமிடம் பேச வேண்டும். நிறுவனத்தின் பெயரைத் தவிர, வாயில் வரும் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் அரை மதிப்பெண் போய்விடும். எங்கள் பள்ளி இந்த மேடையில் ஒருமுறைகூட வென்றதில்லை.

நானும் என் தோழி ஹஸீனாவும் சமூக ஊடக நிறுவனமான ஹம்லியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். எங்கள் வகுப்பில் ஹம்லி இல்லாத கைப்பேசியே இல்லை. அதோடு, தமிழ்ப் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலையில் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள்! விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது? "ஆபீஸ் விஷயம் மட்டும் கேக்காத, எதையும் வெளிய சொல்ல மாட்டேன்னு அவ கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கா" என்கிறார் அம்மா. அதனால் பொதுவாகச் சொன்னால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாசத்துடன்,
நிவேதிதா

*

கோயம்புத்தூர்
19 ஜனவரி 2025

நிவிக் கண்ணுக்கு,

சித்தி கவிப்ரியா. நான் சுகம், கழுத்தும் பரவாயில்லை. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். அலுவலக வேனில் எழுதுகிறேன். வழியில் மேம்பாலம் கட்டுகிறார்கள். குழிக்கு ஒரு எழுத்து ஓடிப்போகிறது. வேலைநேரத்தில் பேனாவோ கைப்பேசியோ உள்ளே கொண்டுபோக முடியாது. இந்த ஐம்பது நிமிடம்தான் எனக்கு.

அக்கா சொன்னது சரி. அலுவலகத்தைப் பற்றி ஒரு வரியும் எழுத மாட்டேன். விலை ஏன் ஏறுகிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஏன், சாமி, வேனில் போகிறேன்? நீயே கண்டுபிடி, கண்டுபிடித்து எனக்கும் எழுது.

மழையில் நனையாதே.

சித்தி

*

பொங்கோல்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள சித்தி,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். வீட்டில் எல்லோரும் நலம். எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. 'மேம்பாலம்' என்ற சொல்லில் உங்கள் 'பா' ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. நானும் ஹஸீனாவும் உருப்பெருக்கி வைத்துப் படித்தோம்.

சித்தி, கண்டுபிடித்துவிட்டேன்! பாதியை.

புதன்கிழமை ஹம்லி தன் கணக்கை வெளியிட்டது. லாபம் போன ஆண்டைவிட அதிகம். ஆனால் ஒரு பங்கின் விலை, எங்கள் சிங்கப்பூர் டாலரான வெள்ளிக் கணக்கில், நாற்பத்து நான்கிலிருந்து முப்பத்தொன்பதுக்கு இறங்கியது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கணிதத் தாளைத் திருப்பித் தந்தார்கள். எனக்கு எழுபத்தெட்டு. அம்மா என்னோடு பேசவில்லை, ஏனென்றால் தொண்ணூறு வரும் என்று நினைத்திருந்தார். ஹஸீனாவுக்கு அறுபத்தொன்று. அவள் அம்மாவோ, "எம்புள்ள அறுவத்தொண்ணு லா!" என்று தேக்கா சந்தையில் எங்கள் இருவருக்கும் கறி அடைத்த முர்தபா ரொட்டி வாங்கிக் கொடுத்தார். அவர் நினைத்திருந்தது ஐம்பதுதான்.

முர்தபாவைப் பாதி சாப்பிட்டபோது புரிந்தது. விலை என்பது மதிப்பெண்ணைப் பார்த்து வருவதில்லை. வரும் என்று நினைத்ததற்கும் வந்ததற்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பார்த்து வருகிறது. ஹம்லி எழுபத்தெட்டு வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரியா சித்தி? உடனே எழுதுங்கள்.

உங்கள்
நிவேதிதா

*

கோயம்புத்தூர்
15 பிப்ரவரி 2025

என் கெட்டிக்காரி நிவிக்கு,

சளி முழுதும் விட்டதா? வெந்நீர் குடி.

உன் கடிதத்தை வேனில் சத்தமாகப் படித்தேன். நாங்கள் ஒன்பது பேர் ஒரே அறையில் வேலை செய்கிறோம், ஒரே வேனில் போகிறோம். முர்தபா வந்த இடத்தில் ஓட்டுநர் அண்ணன் வண்டியை ஓரம்கட்டிச் சிரித்தார். "உங்க அக்கா மகளை எங்க முதலாளியா போடுங்கம்மா" என்றார். சரியா என்று கேட்கிறாய். எனக்குச் சரி என்றுதான் படுகிறது.

இந்த வாரம் மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். எங்கள் ஒவ்வொருவருக்கும் இனிப்புப் பெட்டி கொடுத்து, பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆறு வருடத்தில் யாரும் எங்கள் பெயரைக் கேட்டதில்லை.

குழி வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

சித்தி

*

பொங்கோல்
2 மார்ச் 2025

அன்புள்ள சித்தி,

எல்லோரும் நலம். உங்களுக்கும் உங்கள் வேன் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

மீதிப் பாதியும் கிடைத்துவிட்டது! ஹம்லி உலகம் முழுவதும் ஆயிரத்து நானூறு பேரை வேலையிலிருந்து எடுக்கப்போவதாகச் செய்தி. எல்லாரும் வருத்தப்படுவார்கள் என்று நினைத்தேன். விலை ஒரே நாளில் பன்னிரண்டு விழுக்காடு ஏறியது! சம்பளம் குறைந்தால் லாபம் கூடும், லாபம் கூடும் என்று நினைத்தால் விலை ஏறும். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்.

என் பேச்சின் முதல் வரியை எழுதிவிட்டேன்: 'தேவையில்லாத செலவைக் குறைக்கும் நிறுவனம், வலை பின்னத் தெரிந்த சிலந்தி.' ஹஸீனாவுக்குச் சிலந்தி பிடிக்கவில்லை, ஆனால் வரி பிடித்திருக்கிறது. கணிப்பாக ஐம்பத்தைந்து வெள்ளி போடலாம் என்றிருக்கிறோம்.

நீங்கள் பெருமைப்படலாம் சித்தி, உங்கள் நிறுவனம் ஏறுகிறது.

அவசரமாக,
நிவேதிதா

*

கோயம்புத்தூர்
20 மார்ச் 2025

அன்பு நிவேதிதாவுக்கு,

நான் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. முதல் வரி நன்றாக இருக்கிறது. 'செலவு' என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் இன்னொரு பொருள் உண்டு. உன் அம்மாவிடம் கேட்டுப் பார்.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. நன்றாகப் படி.

சித்தி

*

பொங்கோல்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள சித்தி,

நீங்கள் நலமா? இந்த முறை உண்மையாகக் கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். "செலவா? சீரகம், மிளகு, மல்லி, வெந்தயம் எல்லாம் சேத்து எங்க ஊர்ல செலவு சாமான்னுதான் சொல்லுவோம். அதை இடிச்சுப் போட்டா செலவு ரசம்" என்றார். பிறகு ஒரே சிரிப்பு. சிங்கப்பூர் வந்த முதல் மாதம் லிட்டில் இந்தியாவில் மாசிலாமணி மாமா கடைக்குப் போய், "செலவு சாமான் குடுங்க" என்று கேட்டாராம். மாமா தஞ்சாவூர்ப் பக்கம். "இன்னும் ஒண்ணுமே வாங்கலையே தங்கச்சி, அதுக்குள்ள என்ன செலவு?" என்று கல்லாப்பெட்டியைத் திறந்தாராம்.

நானும் சிரித்துக்கொண்டே உங்கள் கடிதத்தை மடித்தேன். அப்போதுதான் பார்த்தேன். ஒரு எழுத்துகூடக் குலுங்கவில்லை. 'கேட்டுப் பார்' என்பதில் 'பா' கோட்டின் மேல் நேராக உட்கார்ந்திருக்கிறது.

நீங்கள் வேனில் இல்லை.

சித்தி, அந்த ஆயிரத்து நானூறில் நீங்களும் இருக்கிறீர்களா? இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். 'தேவையில்லாத' என்று எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த வரியைக் கிழித்துவிட்டேன். என்னை மன்னியுங்கள்.

போன இரண்டு சனிக்கிழமையும் நானும் ஹஸீனாவும் லிட்டில் இந்தியாவில் இருந்தோம். ஹம்லியில் தமிழில் விளம்பரம் போடும் இருபத்தொரு கடைகளைக் கேட்டோம். பூக்கடை சரசு அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அத ஏம்மா கேக்குற! நம்ம மல்லிப்பூ படத்துக்குக் கீழயே 'மூணு நாள்ல கடன் தீரும், இங்க தட்டுங்க'ன்னு வருது. ஒரு ஆன்ட்டி தட்டி எண்ணூறு வெள்ளி போச்சு. நான்தான் ஏமாத்திட்டேன்னு கடை வாசல்ல வந்து சண்டை லா! விளம்பரத்தையே நிறுத்திட்டேன்." அதே வாரம் ஹஸீனாவின் அக்கா ஆடிய காணொளிக்குக் கீழே யாரோ 'செமயா கொன்னுட்ட' என்று பாராட்டியிருந்தார்கள். கொலை மிரட்டல் என்று இயந்திரம் அதை நீக்கிவிட்டது. முன்பெல்லாம் இப்படி நடந்ததே இல்லை.

இருபத்தொரு கடைகளில் ஏழு நிறுத்திவிட்டன. மூன்றில் ஒரு பங்கு. இப்போது விலை நாற்பத்து நான்கு. அதிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து முப்பது வெள்ளி என்று எழுதப்போகிறேன். "எல்லா ஸ்கூலும் ஏறும்னுதான் எழுதுறாங்க, நம்ம மட்டும் லூசா?" என்றாள் ஹஸீனா. நான் குலுங்கிய உங்கள் கடிதத்தையும் குலுங்காத கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். உறையை அவளே ஒட்டினாள்.

மேடையில் உங்களைப் பற்றி ஒரு சொல்லும் வராது. கடைகளில் கேட்டது மட்டும்தான் வரும். ஆனால் யாருக்காகப் பேசுகிறேன் என்று எனக்குத் தெரியும்.

வருத்தத்துடன்,
நிவி

*

பொங்கோல்
18 மே 2025

அன்புள்ள சித்தி,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. அம்மா தொலைபேசியில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்கிறீர்களாம். கழுத்து வலி உண்டா என்று நான் கேட்கச் சொன்னேன், கேட்டாரா?

என் செய்தி நல்லதில்லை. ஹம்லி நாற்பத்தெட்டுக்கு ஏறிவிட்டது. கணிப்புகளைப் போட்டியின் இணையப் பக்கத்தில் போடவில்லை என்றாலும், நாங்கள் இறங்கும் என்று எழுதியது எப்படியோ பரவிவிட்டது. உட்லண்ட்ஸ் பள்ளி அகிலன், போட்டியாளர்களுக்கு வைத்த பயிலரங்கில் என்னைப் பார்த்து, "இறக்கம் வந்துருச்சு, வழி விடுங்கப்பா" என்றான். அவன் அணியும் ஹம்லிதான், கணிப்பு அறுபது. ஹஸீனா, "மேல ஏறுறவனுக்குத்தான் விழுந்தா அடி" என்றாள். பேருந்தில் அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

நேற்று மறுபடி கடைகளுக்குப் போனோம். நிறுத்தியவை இப்போது பதினொன்று. விலை ஏறுகிறது, கடைகள் வெளியேறுகின்றன. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்? மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கு வெளியாகும் என்கிறது நூலகப் புத்தகம். ஏப்ரல் கடைசியில் வந்த கணக்கில் சம்பளச் செலவு குறைந்தது மட்டும்தான் தெரிந்தது. அடுத்தது ஜூலை 24. அதுவரை விலை, நேற்றைய ரசத்தின் வாசனையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

வெறும் காகிதமாவது அனுப்புங்கள்.

நிவி

*

கோயம்புத்தூர்
10 ஜூன் 2025

என் கண்ணு நிவிக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்தது தப்பு. உடம்பு நன்றாக இருக்கிறது. கழுத்து வலிகூடப் போய்விட்டது, அதற்குத்தான் வேலை இல்லையே!

'தேவையில்லாத' என்ற அந்த வரியை எட்டு முறை படித்தேன். உன்மேல் கோபமில்லை. வேலையை விட்டு நிறுத்தும்போது அவர்கள் கொடுத்த தாளிலும் அதே சொல் ஆங்கிலத்தில் இருந்தது. ஆறு வருடம் செய்த வேலை தேவைதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் பேனாவைத் தொடவில்லை. என் வேலை விசித்திரமானது சாமி. சரியாகச் செய்தால் யார் கண்ணிலும் எதுவும் படாது. படாத ஒன்றை யாரிடம் போய்க் காட்டுவது?

உன் பூக்கடை அக்கா கதையைப் பழைய வேன்காரர்கள் எட்டுப் பேருக்கும் வாசித்துக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும், "நாம இருந்திருந்தா அந்த விளம்பரம் பத்து நிமிஷம் தாண்டியிருக்காதுக்கா" என்றாள். அன்றைக்குத்தான் சரியாகத் தூங்கினேன்.

இப்போது மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். உன் கணிப்பு தோற்றாலும் எனக்கு நீ ஜெயித்துவிட்டாய். நிமிர்ந்து நின்று பேசு.

சித்தி

*

பொங்கோல்
3 ஆகஸ்டு 2025

என் சித்தி, என் சித்தி, என் சித்தி!

எல்லோரும் நலம், மிக மிக நலம், தொண்டை மட்டும் கட்டிவிட்டது. வரிசையாகச் சொல்கிறேன்.

ஜூலை 24 அன்று ஹம்லி கணக்கை வெளியிட்டது. பயன்படுத்துவோர் குறைந்துவிட்டார்கள், விளம்பரதாரர்கள் போய்விட்டார்கள், ஆங்கிலம் அல்லாத மொழிகளில்தான் அதிகம் என்று நிறுவனமே சொன்னது. நாற்பத்தாறிலிருந்து முப்பத்தொன்று. ஒரே நாளில்! அப்பா வேலையிடத்திலிருந்து அழைத்து, "விழுந்துருச்சும்மா, விழுந்துருச்சு!" என்று கத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் சரக்குப் பெட்டி விழுந்துவிட்டது என்று ஓடி வந்தார்களாம்.

நேற்று இறுதிச் சுற்று. ஆறு பள்ளிகள் ஹம்லியை எடுத்திருந்தன. உறைகளைப் பிரித்து எண்களைத் திரையில் போட்டார்கள்: ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து, அறுபது, ஐம்பது, ஐம்பத்தெட்டு. கடைசியாக முப்பது. முந்தைய நாள் சந்தை மூடியபோது விலை முப்பது வெள்ளி நாற்பது காசு. அரங்கத்தில் 'ஆ' என்று ஒரு சத்தம் எழுந்தது. ஹஸீனா என் கையைக் கிள்ளிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது.

அகிலன் நன்றாகத்தான் பேசினான். ஆனால் கோபத்தில் ஏழு ஆங்கிலச் சொற்கள்.

நான் இப்படித் தொடங்கினேன்: "கோயம்புத்தூர்ப் பக்கம் மிளகுக்கும் சீரகத்துக்கும் செலவு என்று பெயர். ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் செலவைக் குறைத்தார். அன்று மாலையே கல்லாவில் மிச்சம். தெருவே அவரைக் கெட்டிக்காரர் என்றது, கடையின் மதிப்பு ஏறியது. ரசத்தைக் குடித்துப் பார்க்க மட்டும் தெருவுக்கு மூன்று மாதம் ஆனது." முன்வரிசையில் மாசிலாமணி மாமா எழுந்து நின்றுவிட்டார். "அட, இதத்தான் அன்னிக்கு அந்தத் தங்கச்சி கேட்டுச்சா!" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அரங்கமே சிரித்தது.

பிறகு இருபத்தொரு கடைகளைச் சொன்னேன், சரசு அக்காவைச் சொன்னேன், 'கொன்னுட்ட'வைச் சொன்னேன். ஹஸீனா எதிர்பார்ப்பையும் முர்தபாவையும் சொன்னாள். கடைசியில் நான், "ரசத்தில் மிளகு கண்ணுக்குத் தெரியாது. இல்லாதபோது நாக்குக்குத் தெரியும். கணக்கில் செலவு என்று எழுதியிருப்பதெல்லாம் குறைக்கத்தக்கது என்று நினைப்பவர், முதலில் அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டுக்கொள்ளட்டும்" என்று முடித்தேன்.

தலைமை நடுவர் சிவகாமசுந்தரி அம்மா வங்கியில் முப்பது வருடம் இருந்தவர். "ஏம்மா, மூணுல ஒரு கடை நிறுத்தினா விலையும் மூணுல ஒரு பங்கு குறையும்னு யார் சொன்னா?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, எனக்கு வேறு வழி தெரியவில்லை என்றேன். "கணக்கு தப்பு. எண் வந்து வாய்ச்சது உன் அதிர்ஷ்டம். ஆனா காரணம் சரி. காரணத்துக்குத்தான் பரிசு" என்றார். முதல் பரிசு, சித்தி! எங்கள் பள்ளிக்கு முதல் முறை. ஒரு ஆங்கிலச் சொல்கூட இல்லை.

உங்கள் பெயரைச் சொல்லவில்லை. கோப்பையைத் தூக்கியபோது மட்டும் கொஞ்சம் மேற்குப் பக்கமாகத் தூக்கினேன். கோயம்புத்தூர் அந்தத் திசைதானே?

வென்ற
நிவி

*

கோயம்புத்தூர்
21 ஆகஸ்டு 2025

என் தங்கமே நிவி,

எல்லோரும் சுகமா? உன் தொண்டை சரியானதா? நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதத் தேவையில்லை. முதல் வரியைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். 'தங்கமே'யின் 'மே' ஒரு வரி கீழே போய்விட்டது, பார்த்தாயா?

போன வாரம் பழைய அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். முதலில் என்னை மட்டும். "ஒம்போது பேரும்னா வர்றேனுங்க, இல்லைன்னா வேண்டாமுங்க" என்றேன். இரண்டு நாள் சத்தம் இல்லை. மூன்றாம் நாள் ஒன்பது பேருக்கும் தாள் வந்தது, பழைய சம்பளத்துக்கு மேலே. அறைக்கு நான்தான் தலைவி. இதைவிட அதிகமாக எழுத மாட்டேன், மறுபடி கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இது மட்டும் செய்தித்தாளில் வந்தது, அதனால் எழுதலாம். ஆட்களைத் திரும்ப எடுப்பதாகச் சொன்ன அன்று ஹம்லியின் விலை இரண்டு விழுக்காடு இறங்கியதாம். செலவு கூடிவிட்டதாம்! வேனில் படித்ததும் ஒன்பது பேரும் சிரித்த சிரிப்பில் ஓட்டுநர் அண்ணன் மறுபடி ஓரம்கட்டினார். பெட்டியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். அவர் வீட்டில் இடித்த ரசப்பொடி. "உங்க சிங்கப்பூர்ப் பொண்ணுக்கு அனுப்புங்க" என்றார். இதோடு வைத்திருக்கிறேன். காகிதத்தில் மிளகு வாசனை வந்தால் திகைக்காதே.

மேம்பாலம் இன்னும் முடியவில்லை. முடியாமலே இருக்கட்டும்.

குலுங்கிக்கொண்டே,
சித்தி